மேடையில் நான் இறக்கிய காடு

கயிறு தளர்ந்து கிடந்தால் எனக்குப் பொறுக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி நான் சாதுவான ஆள்.

வம்பு கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. குடி கிடையாது. (மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் இருந்தது. அதையும் விட்டாயிற்று.) ஆனால் எங்கேயாவது ஒரு கயிறு தொளதொளவென்று தொங்கினால் கை தானாகப் போய்விடும். அவிழ்த்து, இழுத்து, திரும்பக் கட்டினால்தான் மனசு அடங்கும். துணிக்கொடி, அடுத்த வீட்டு ஆட்டுக் கயிறு, கட்சிக்காரர்கள் கட்டிய பேனர் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருக்கிறேன். மச்சினன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் நான் வெளியே ஷாமியானா கயிற்றோடு நின்றேன். கல்யாண ஆல்பத்தில் என் முதுகு மட்டும் இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷம் விசைப்படகில் வேலை. எங்கள் பேச்சில் 'போட்டு'. அங்கே கயிறு தளர்ந்தால் வலை போகும். சில சமயம் விரலும் போகும். அதனால் எங்களுக்குக் கயிறு விஷயத்தில் இரண்டே சட்டம். தளர விடாதே. பிடித்த பிறகு கையை விடாதே. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்த இரண்டும் போதுமானதாக இருந்தது. ஒரு மேடை ஓரத்தில் போய் நிற்கும்வரை.

என் மகள் ஹரிணிக்கு அப்போது பத்து வயது. அவளுக்கு பாலே பைத்தியம். காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில், மீன் காயப்போடுகிற தெருவில், பாலே.

காரணம் லூர்து அக்கா. டவுனில் என் மனைவி மல்லிகா வாடிக்கையாக மீன் கொடுக்கிற வீடு. அக்காவின் தம்பி குடும்பம் பிரான்சில் இருக்கிறது. ஒரு தடவை லீவுக்கு வந்த தம்பி மகள் தன் பழைய பாலே செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டது. ரோஸ் கலர் துணிச் செருப்பு. அக்கா அதை ஹரிணிக்குக் கொடுத்தார். இரண்டு சைஸ் பெரிது. ஹரிணி முன்பக்கத்தில் பழைய வலைத்துண்டைச் சுருட்டி அடைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் நடக்கவில்லை. தண்ணீர்க்குடம் எடுக்கப் போனாலும் நுனிக்காலில் போவாள். பல் தேய்க்கும்போது ஒரு கால் ஜன்னல் கம்பியில் இருக்கும். ரேஷன் கடை வரிசையில் நின்ற இடத்திலேயே சுற்றுவாள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. எல்லாம் போனில் பார்த்துக் கற்றது.

தெருவில் கேட்பார்கள். "என்னண்ணே, பாப்பாவுக்குக் கால்ல முள்ளு குத்திடுச்சா?"

"ஆமா" என்பேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

அந்தச் செய்தியையும் லூர்து அக்காதான் சொல்லி அனுப்பினார். புதுச்சேரியில் ஒரு பெரிய அரங்கத்தில் வெளிநாட்டு பாலே குழு ஆடுகிறது. அன்றைக்கு 'குடும்ப நாள்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் காலையில் மேடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்கள். மத்தியானம் பெரிய ஆட்டம் தொடங்கும் முன்பு, பேர் கொடுத்த பன்னிரண்டு பிள்ளைகள் அதே மேடையில் இரண்டு நிமிஷம் ஆடலாம். ஆட வேண்டியதை முன்கூட்டியே போனில் அனுப்பிவிடுவார்கள்.

அக்கா பேர் கொடுத்துவிட்டார். ஹரிணி ஒரு மாதம் அந்த இரண்டு நிமிஷத்தையே ஆடினாள். கடைசியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எல்லாமே அந்தச் சுற்றில்தான் இருக்கிறது என்றாள். முதல் வாரம் கிரைண்டர் மேல் மோதினாள். இரண்டாவது வாரம் என் மேல் மோதினாள். நான்காவது வாரம் எதன் மேலும் மோதவில்லை.

மல்லிகா கூட்டிப் போவதாகத்தான் ஏற்பாடு. அதே நாளில் அவள் அக்கா மகளுக்கு வளைகாப்பு வந்து விழுந்தது. எனக்குத் தடைக்காலம். படகு கடலுக்குப் போகக் கூடாத இரண்டு மாதம். கரையில் வலை சீர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதான் புள்ளய கூட்டிட்டுப் போவணும்."

"நானா?"

"பின்ன இந்தப் போட்டா கூட்டிட்டுப் போவும்?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நான் வாயெடுத்தால் வார்த்தை வரக் கொஞ்சம் நேரமாகும். அதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"மூணே விஷயம். கூட்டத்துல அவ கைய வுடக் கூடாது. அவ ஆடுறத வீடியோ எடுக்கணும், நான் பாக்கணும். அப்பறம்..." என்று என் கையைப் பார்த்தாள். கையில் வலைக்கயிறு இருந்தது. "எதையும் தொடக் கூடாது."

"எத?"

"எதன்னு தெரியாது பாவம். கயித்த."

"ஆட்டம் ஆடுற எடத்துல கயிறு என்னாத்துக்கு இருக்கப் போவுது?"

இதை நான் உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

காலை ஐந்து மணி பஸ். எனக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஹரிணிக்குக் கொசுவலைத் துணியில் மல்லிகா தைத்த பாலே பாவாடை. ரோஸ் சாயம் போட்டு, எட்டு அடுக்கு வைத்து, குடை மாதிரி விறைப்பாக நின்றது. போய்ச் சேர்ந்து போட்டுக்கொள் என்றேன். கேட்கவில்லை. அவள் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். பாவாடை இரண்டு சீட்டில் உட்கார்ந்தது. நான் நின்றேன்.

கண்டக்டர் வந்து பார்த்தார். "ரெண்டு புதுச்சேரியாண்ணே? பாவாடைக்கு அரை டிக்கெட் போட்டுடவா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சில்லறையைக் கொடுத்தேன்.

தரங்கம்பாடி தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, மேட எவ்ளோ பெருசு இருக்கும்?"

"தெரியாது."

"நம்ம போட்டு அளவு இருக்குமா?"

"இருக்கும்."

"நான் முன்னாடி நிப்பனா, பின்னாடி நிப்பனா?"

"தெரியாது."

"பின்னாடி நின்னா கீழ இருக்கவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சத்தியமா?"

"ம்."

"ம் எல்லாம் சத்தியம் ஆவாது. சொல்லு."

"சத்தியமா தெரியும்."

அவள் கையில் அடித்துக் கொடுத்தேன். அன்று நான் கொடுத்த ஒரே வாக்கு அது.

சிதம்பரம் தாண்டியதும் வாந்தி எடுத்தாள். பாவாடை தப்பித்தது. என் சட்டை தப்பிக்கவில்லை. கடலூர் பஸ் ஸ்டாண்டு குழாயில் அலசி, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அரங்கத்துக்குள் ஏசி. ஈரச் சட்டையோடு ஏசியில் நிற்பது மார்கழியில் கடலுக்குப் போவது மாதிரி. ஆனால் கடலில் யாரும் "வெல்கம்" சொல்லிக் கையில் பலூன் கொடுப்பதில்லை.

மற்ற பிள்ளைகள் எல்லாம் வகுப்பில் சேர்ந்து படிக்கிற பிள்ளைகள். கடையில் வாங்கிய பாவாடை. அளவான செருப்பு. அவர்களுடைய அப்பாக்கள் கால்சராய் போட்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டியது. ஒரு வாக்கியம் இங்கிலீஷ், ஒரு வாக்கியம் பிரெஞ்சு. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். சுவரில் அங்கங்கே எழுதி ஒட்டியிருந்தார்கள். அதுவும் அந்த இரண்டு பாஷைதான்.

"என்னா சொல்லுது?" என்று ஹரிணியைக் கேட்டேன்.

"சும்மா இருப்பா" என்றாள். அவள் கண் முழுக்க வரிசையாகத் தொங்கிய ஆட்ட உடுப்புகளில் இருந்தது.

(அந்தப் பெண் என்ன சொன்னது என்று பிறகு தெரிந்தது. மேடைப் பக்கம் எதையும் தொடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னதாம்.)

வேஷம் போடுகிற அறை, விளக்குப் போடுகிற அறை எல்லாம் பார்த்தோம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு மேடை ஓரத்துக்குப் போனோம். அங்கே நின்றுவிட்டேன்.

சுவர் முழுக்கக் கயிறு. நாற்பது இருக்கும். ஒவ்வொன்றும் மேலே போய், உருளையில் ஏறி, மேடைக்கு மேல் இருட்டில் மறைந்தது. கீழே வரிசையாகக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் கயிற்றைக் குறுக்கும் மறுக்குமாக எட்டு வடிவில் சுற்றியிருந்தார்கள். படகில் நாங்கள் சுற்றுகிற அதே எட்டு. கயிற்றின் மிச்சத்தை அதே மாதிரி வளையம் போட்டு மாட்டியிருந்தார்கள். காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த முதல் விஷயம் அதுதான். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகுதான் பார்த்தேன். முப்பத்தொன்பது கயிறு ஒழுங்கு. ஒன்று மட்டும் இரண்டே சுற்று. எட்டு போடவில்லை. வால் தளர்ந்து தரையில் கிடந்தது.

வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மல்லிகா சொன்னதை நினைத்துக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டினேன். கண் அங்கேயே போனது. கடைசியில் அட்டை மாட்டிய பெண்ணிடம் போய், "கயிறு லூசா இருக்கும்மா" என்று காட்டினேன்.

அது சிரித்து, "தேங்க் யூ சார்" என்றது.

அதற்கு மேல் என்ன செய்ய? நான் என் கடமையைச் செய்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். வராந்தாவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். மல்லிகா தயிர் சாதமும் வறுத்த கருவாடும் வைத்திருந்தாள். ஏசி கட்டடத்தில் கருவாட்டு வாசனை போக வழியில்லாமல் ஒவ்வொரு ஆளாகப் போய் விசாரித்தது. ஐந்து நிமிஷத்தில் எங்களைச் சுற்றி நல்ல இடம் கிடைத்தது.

சாப்பிட்டதும், பாலே சொல்லிக்கொடுக்கிற சில்வி டீச்சர் பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தினார். புதுச்சேரிப் பெண்தான், பிரான்சில் போய்ப் படித்தவராம். உயரப்படி மூன்று வரிசை, வரிசைக்கு நாலு பேர். ஹரிணி வயசுக்கு மீறிய உயரம். கடைசி வரிசையில் கடைசி ஆளாக நிறுத்தினார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் சின்னதாகியிருந்தது. பக்கத்தில் வந்து, "பின்னாடிப்பா" என்றாள்.

"தெரியும்னு சத்தியம் பண்ணிருக்கேன்ல?"

"ம்."

"ம் எல்லாம் சத்தியம் ஆவாதுன்னு சொன்ன?"

கொஞ்சம் சிரித்தாள். வலைத்துண்டைச் சரிசெய்து செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பிள்ளைக்கு ஒரு ஆள் மேடை ஓரத்தில் நிற்கலாம் என்றார்கள். எனக்குக் கொடுத்த இடம் கயிற்றுச் சுவருக்குப் பக்கத்தில். அந்தக் கயிறு என் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. (இதற்கு நான் பொறுப்பில்லை.)

முன்திரை திறந்தது. அரங்கம் முழுக்க ஜனம். போனில் வீடியோ பட்டனை அமுக்கிக் கையில் பிடித்தேன். பாட்டு ஆரம்பித்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள். ஹரிணியின் கை மட்டும் மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னால் போனது. அவ்வளவு அவசரம்.

ஏசிக் காற்றில் கயிற்றின் வால் ஆடியது.

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கயிறு எங்கே போகிறது என்று கண் ஏறியது. கட்டையிலிருந்து மேலே. உருளை. அங்கிருந்து மேடைக்குக் குறுக்கே. அங்கே ஒரு நீளமான இரும்புப் பைப்பு, அதில் சுருட்டிய பெரிய துணி. பைப்புக்கு நேர் கீழே நடு வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் ஒரு இடைவெளி. அதிலிருந்து மூன்றடி பின்னால் என் மகள்.

இரண்டே சுற்று. எட்டு இல்லை. அது நழுவினால்?

இங்கே நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிற்பாடு பல பேர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மச்சினன் சொன்னான். லூர்து அக்கா சொன்னார். கண்டக்டர்கூடச் சொன்னார். அந்த நேரத்தில் இவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. போனை ஓடவிட்டபடியே சட்டைப் பையில் போட்டேன். அந்த இரண்டு சுற்றையும் அவிழ்த்தேன். ஒழுங்காக எட்டுப் போட்டுக் கட்டிவிடலாம் என்று.

நான் ஐம்பத்தெட்டு கிலோ. அந்தப் பக்கம் இருந்தது நூறு கிலோ.

படகில் எடை கீழே இருக்கும், நாம் மேலே இழுப்போம். இங்கே எடை மேலே இருந்தது. கயிறு என்னை இழுத்தது. முதலில் குதிகால் எழும்பியது. ஒரு நொடி நுனிக்காலில் நின்றேன். (ஹரிணி ஒரு வருஷம் பழகியது எனக்கு ஒரே நொடியில் வந்துவிட்டது.) பிறகு அதுவும் போயிற்று. மேலே ஏற ஆரம்பித்தேன்.

"விடுங்க! விடுங்க!" என்று அட்டை மாட்டிய பெண் கத்தியது. முதல் தடவையாகத் தமிழில்.

"விடாதீங்க! விடாதீங்க!" என்று மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் கத்திக்கொண்டே பின்பக்கமாக ஓடிவந்தார்.

எனக்கு இரண்டாவது சட்டம் தெரியும். கயிறு உள்ளங்கையில் வழுக்கினாலும் நான் விடவில்லை. நான் மேலே போகப் போக, மேடையில் ஒரு காடு மெதுவாகக் கீழே இறங்கியது.

நல்ல காடு. பனி விழுந்த மரங்கள். அகலமாக, மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. நேராக வந்து நடு வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்தது. முன்னால் எட்டுப் பிள்ளைகள், சில்வி டீச்சரைப் பார்த்துக்கொண்டே ஆடினார்கள். கூட்டம் கை தட்டியது. ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டது. பின்னால் நாலு பிள்ளைகள். மூன்று பிள்ளைகள் "மம்மி" என்று அலறி எதிர்ப்பக்கம் ஓடிவிட்டார்கள்.

ஹரிணி ஓடவில்லை.

தரையிலிருந்து நாலடி உயரத்தில், காட்டின் ஓரத்தில், நான் தொங்கினேன். அங்கிருந்து பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. முன்பக்கம்தான் காடு. பின்பக்கம் வெறும் ஒட்டுப்போட்ட துணி. அவள் அந்தத் துணியைப் பார்த்தாள். பக்கவாட்டில் பார்த்தாள். தரையில் தேடினாள். பிறகு மேலே பார்த்தாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பார்வையை இதற்கு முன்னால் மல்லிகாவிடம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

பாட்டு நிற்கவில்லை. அவளும் தலையைத் திருப்பிக்கொண்டாள். ஆடினாள். முன்னால் துணி, பின்னால் சுவர், நடுவில் விளக்குகூடச் சரியாக விழாத இடத்தில் அந்தக் கொசுவலைப் பாவாடை. காலைத் தூக்கினாள். ஒரு சுற்று. இரண்டு. கையை விரித்து, துணிக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தாள். முடித்துவிட்டாள். ஒரு மாதம் பழகியது. பார்த்தது ஒரே ஆள். கயிற்றில் தொங்குகிற ஆள்.

அந்த நேரம் பார்த்து என் வேட்டி அவிழ்ந்து விழுந்தது.

உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. படகுக்காரன் எப்போதும் போட்டிருப்பான். அன்று என் பக்கம் இருந்தது அது ஒன்றுதான். அரங்கத்தின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காட்டின் ஓரத்தில் இரண்டு கால் தெரிந்திருக்கிறது. அங்கேயிருந்து தனியாக ஒரு கைதட்டல் வந்தது.

கயிற்றை அந்த ஆள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். ஆனால் நான் இறங்க வேண்டுமே. பெரிய ஆட்டத்துக்குத் தயாராக நின்ற வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். முகமெல்லாம் பவுடர், வெள்ளை இறுக்கக் கால்சட்டை. கையைத் தூக்கி என் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்தார். ஆட்டத்தில் பெண்களைத் தூக்கி இறக்குவார்களே, அப்படியே பூப்போல இறக்கித் தரையில் வைத்தார். பிறகு பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்னால் போய்க் குனிந்தார். நானும் குனிந்தேன். வேட்டியை எடுக்க.

கயிற்றுக்காரர் பெயர் குமரவேல். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாருங்க நீங்க?"

"ஹரிணி அப்பா."

"எந்த ஊரு?"

"காரைக்கால்."

"என்ன வேல?"

"போட்டு."

"அதான பாத்தேன்." நெற்றியைத் துடைத்தார். "விட்டிருந்தீங்கன்னா பைப்பு தடார்னு வந்திருக்கும். நல்ல வேள, விடல. ஆனா தொட்டதே தப்புங்க."

"லூசா இருந்துச்சு."

"லூசாத்தாங்க இருக்கணும்! பாப்பாங்க எறங்குன கையோட காட்ட எறக்கணும். அதுக்குத்தான் ரெண்டு சுத்தோட ரெடியா வச்சிருக்கேன். ரெண்டு நிமிஷம் உங்களால சும்மா நிக்க முடியலியா?"

முடியவில்லை.

சில்வி டீச்சரிடம் போனேன். கடன் கேட்கக்கூட நான் யாரிடமும் போய் நின்றதில்லை. "டீச்சர், எம்புள்ளய யாரும் பாக்கல. தப்பு என்னுது. இன்னொரு தடவ ஆட வுடுங்க. ரெண்டு நிமிஷம்தான்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "பெரிய ஷோ ஆரம்பிக்கப் போவுதுங்க. இப்ப முடியாது. அடுத்த வருஷம் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

பத்து வயதுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் என்றால் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

பெரிய ஆட்டத்தைக் கீழே உட்கார்ந்து பார்த்தோம். முதல் பாதி முழுக்க அந்தக் காட்டின் முன்னால்தான் நடந்தது. யாராவது அழகாகக் குதித்தால் ஹரிணி மேடையைப் பார்ப்பாள். உடனே காடு கண்ணில் படும். உடனே திரும்பி என்னைப் பார்ப்பாள். நான் எதிர்ச்சீட்டைப் பார்ப்பேன். ஒரு மணி நேரம்.

திரும்பும் பஸ்ஸில் பேச்சே இல்லை. கடலூர் வரை இல்லை. சிதம்பரம் வரை இல்லை. அவள் பேச வேண்டும் என்று நான் வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன். பாவாடையைச் சுருட்டிப் பையில் வைத்திருந்தாள். அதனால் எனக்கு சீட் கிடைத்தது. நின்றுகொண்டே வந்திருக்கலாம்.

சிதம்பரத்தில் பஸ் கிளம்பியதும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கடைசி சுத்து பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தன?"

"ரெண்டு."

"கால் நேரா இருந்துச்சா?"

கொஞ்சம் யோசித்தேன். பொய் சொன்னால் பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

"மொதல்ல நேரா இருந்துச்சு. ரெண்டாவதுல கொஞ்சம் எறங்கிடுச்சு."

திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆமா. செருப்புல வல நவந்துடுச்சு." பிறகு, "கை?"

"கை நல்லா இருந்துச்சு."

"வேற யாரும் பாக்கல இல்ல?"

"இல்ல."

"நீ தெரியும்னு சத்தியம் பண்ண."

"ம்."

"தொங்கிட்டேதான பாத்த?"

"ம்."

"வேட்டி வேற."

"ம்."

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கொள்ளிடம் பாலம் முழுக்கச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. (சிரித்தேன் என்று ஹரிணி சொல்கிறாள். இதை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் அவள்தான். அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும் என்றேன்.)

வீட்டு வாசலிலேயே மல்லிகா நின்றாள். வளைகாப்பு வளையல் கை முழுக்க.

"வீடியோ?"

போனைக் கொடுத்தேன். பையில் போட்டவன் நிறுத்தவில்லை. இரண்டு நிமிஷம் மட்டும் இல்லை, பன்னிரண்டு நிமிஷம் ஓடியிருந்தது. முதல் சில நொடி என் கட்டைவிரல். அப்புறம் முழுக்க இருட்டு. இருட்டுக்குள் பாட்டு. கட்டை கிரீச்சிடுகிற சத்தம். நான் "யெம்மாடி" என்பது. "விடுங்க!" அப்புறம் "விடாதீங்க!" அப்புறம் கைதட்டல். அப்புறம் குமரவேல். அப்புறம் டீச்சரிடம் நான் கெஞ்சியது.

மல்லிகா கடைசிவரை கேட்டாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"ஆட்டம் ஆடுற எடத்துல கயிறு என்னாத்துக்கு இருக்கப் போவுது?" என்றாள். என் குரலிலேயே. உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம். அந்த வாக்கியம் இன்றைக்கும் வீட்டில் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது. குழம்பு அடிப்பிடித்தால் "இன்னிக்கு நான் காட்ட எறக்கிட்டேன்" என்கிறாள் மல்லிகா. மச்சினன் பைக்கைச் சுவரில் இடித்தபோது அவன் மனைவி, "எங்க வூட்டுக்காரரும் காட்ட எறக்கிட்டாரு" என்று போன் செய்தாள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் யாராவது அந்த இருட்டு வீடியோவைக் கேட்பார்கள். சுற்றி உட்கார்ந்து ஒன்றுமே தெரியாத திரையை எல்லோரும் பார்ப்பார்கள்.

ஹரிணி மட்டும் அதை வேறு எதற்கோ வைத்துக்கொண்டாள். அதில் பாட்டு முழுசாக இருக்கிறதாம். அந்த வருஷம் முழுக்க அதைப் போட்டுத்தான் பழகினாள். "விடாதீங்க!" என்று குமரவேல் இரண்டாவது தடவை கத்துகிற இடத்தில் காலைத் தூக்குவாள். சரியாக அங்கேதான் சுற்று வருகிறதாம்.

அடுத்த வருஷமும் போனோம். மல்லிகாவும் வந்தாள். போன் அவள் கையில். சில்வி டீச்சர் ஹரிணியை முன்வரிசையில் நிறுத்தினார். (உயரம் ஒன்றும் குறையவில்லை.) ஐந்நூறு பேர் பார்க்க ஆடினாள். செருப்பும் காலுக்குச் சரியாகியிருந்தது. இரண்டாவது சுற்றிலும் கால் இறங்கவில்லை. நான் அதைக் கீழே, நட்டநடு சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வேறு எங்கும் என்னை விடவில்லை.

ஆட்டம் முடிந்ததும் குமரவேலே வந்து கூப்பிட்டார். "வாங்கண்ணே, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

மேடை ஓரத்துக்குக் கூட்டிப்போனார். கயிற்றுச் சுவருக்கு நடுவில் ஒரு புதுப் பலகை. அந்தச் சுவரில் இங்கிலீஷ் உண்டு, பிரெஞ்சு உண்டு. தமிழில் இருந்த ஒரே பலகை அதுதான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'தளர்ந்திருந்தாலும் கயிற்றைத் தொடாதீர்கள்.'

"உங்களுக்காகவே போட்டதுண்ணே" என்றார்.

ஹரிணி பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம், "இது எங்கப்பாவுக்குப் போட்ட போர்டு" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இரண்டு பக்கமும் சின்னக் கயிறு போட்டு ஆணியில் மாட்டியிருந்தார்கள். இடது பக்கக் கயிறு தளர்ந்திருந்தது. பலகை இரண்டு விரல் கோணல்.

"அப்பா" என்றாள் ஹரிணி.

"ஏங்க" என்றாள் மல்லிகா.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அது இன்னும் கோணலாகத்தான் தொங்கிக்கொண்டிருக்கும். நினைத்தால் இப்போதும் கை அரிக்கிறது.